தீர்வை போட்ட பார்சல்

ஐம்பத்து நாலாம் வருஷம் தை மாதம், ஒரு திங்கள்கிழமை, பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு ஓய்ந்த கையோடு தபால்காரர் கோதண்டராமன் சதுரங்கப்பட்டினம் பள்ளிவாசல் தெருவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்தத் தெரு முழுக்க மணல். சைக்கிளில் ஏறி வந்தவர்கள் எல்லாரும் முனையிலேயே இறங்கித்தான் ஆகவேண்டும்.

ஷரீபுன்னிசா வீட்டு வாசலில் ஆட்டுக்குப் பூவரசந்தழை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பினாங்கில் இருக்கும் புருஷனிடமிருந்து கடிதம் இல்லாமல், நாலு மாதமாக அந்தச் சைக்கிள் தன் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பார்த்து, இப்போது பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள். மணி அடித்தது. அவள் வாசலில்தான் அடித்தது.

"பீவிம்மா, பினாங்குலேர்ந்து வந்துகீது."

"கடுதாசியா?"

"கடுதாசி இல்ல. பார்சலு. அதுவும் இங்க வர்ல. செங்கல்பட்டு பெரிய ஆபீசுல கீது. இது சீட்டுதான். நீதான் போயி எடுத்தாரணும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினாள். எழுத்து அவளுக்குத் தெரியாது. திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னா போட்டுகீது, படிங்க."

கோதண்டராமன் சீட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். படித்ததும் உச்சுக்கொட்டினார். "இன்னாத்த சொல்றது. சுங்கத் தீர்வை போட்டுட்டான். இருபத்திமூணு ரூபா ஆறணா. கட்டுனாத்தான் குடுப்பான்."

"எவ்ளோ?"

"இருபத்திமூணு ரூபா ஆறணா. பேஜாருதான். வாணாம்னா வாணாம்னு சொல்லிடு, திருப்பி அனுப்பிடுவான். கட்றதுன்னா இந்த வாரத்துக்குள்ள போயிடு."

ஷரீபுன்னிசா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் அடங்கவில்லை.

கோதண்டராமன் அவளையே பார்த்தார். "இருபது வருசமா தபால் தூக்கறேன். தீர்வைன்னு சொன்னதும் சிரிச்ச மொத ஆளு நீதாம்மா" என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கடல் தாண்டி இருந்தார்கள். பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர். ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கி, கடைகளில் நின்றார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்தார்கள். அங்கே ஒருவர் மௌத்தானால், கூட இருந்தவர்கள் அடக்கம் செய்துவிட்டு, அவர் உடுத்திய துணிகளைத் துவைத்து மடித்துப் பார்சலாகக் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம். துணி அனுப்ப எல்லாரும் முன்வருவார்கள். கடிதம் எழுதத்தான் யாருக்கும் கை வராது. நீ எழுது, நீ எழுது என்று நாள் போகும். அதனால் பார்சல் முந்தி வரும், கடிதம் பிந்தி வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன் எதிர்வீட்டு லத்தீஃபாவுக்கு அப்படித்தான் வந்தது. அது வீட்டுக்கே வந்தது. தீர்வை இல்லை, கைநாட்டு வைத்தால் போதும் என்று கோதண்டராமன் கொடுத்துவிட்டுப் போனார். லத்தீஃபா தெருப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு, நடுவீட்டில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் தையலைப் பிரித்தாள். யாருக்கு என்ன தருவது என்று பேச்சுக்கூட நடந்தது. மேலே இருந்தது பழைய கைலி. அடியில் இருந்தும் பழைய கைலிதான் வந்தது. முதலில் புரிந்துகொண்டது லத்தீஃபா இல்லை. கூட இருந்த ஒரு பெண் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

போன ஐப்பசியில் அமீனா பீவிக்கு ஒரு பார்சல் வந்தது. அதற்கு எட்டு ரூபாய் தீர்வை. உள்ளே நைலான் சேலையும் டார்ச் லைட்டும் இருந்தன. அடுத்த மாதம் அவள் புருஷனே வந்து நின்றான்.

அதோடு தெருவுக்கு ஒரு கணக்குக் கிடைத்துவிட்டது. செத்தவர் துணிக்குத் தீர்வை இல்லை. தீர்வை போட்டிருந்தால் ஆள் இருக்கிறார்.

மாலைக்குள் விஷயம் பரவிவிட்டது. அமீனா பீவிதான் முதலில் வந்தாள்.

"இருபத்திமூணாமே? எனக்கே எட்டுதான் போட்டான். உன் மச்சான் கடையவே மூட்ட கட்டி அனுப்பிட்டாரா?"

"எனக்கு இன்னா தெரியும். பிரிச்சாத்தான்."

"நாலு மாசம் வாய தொறக்காத மனுசன், இப்ப மொத்தமா கொட்டிகீறாரு. சண்ட கிண்ட போட்டு எழுதினியா?"

"நான் எங்க எழுதறது. எழுதச் சொல்றதுக்கே ஆளத் தேடணும்."

"எனக்கு ஒரு சேல தந்துடு. நைலான் வாணாம், அது மேல ஒட்டிக்குது. சில்க்கா பாத்துத் தா."

எல்லாரும் சிரித்தார்கள். ஷரீபுன்னிசா எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாள். அந்த வீட்டில் அத்தனை டம்ளர் கிடையாது. கிண்ணத்திலும் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை இல்லாத வீடு. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் சமைப்பது ஒரு சின்னச் சட்டியில், காலையில் ஒரு தடவை. இரவுக்கும் அதுவேதான்.

லத்தீஃபா வாசல் தூணருகே நின்றாள். உள்ளே வரவில்லை. மற்றவர்கள் போகும்வரை இருந்துவிட்டுக் கேட்டாள்.

"அனுப்புனவங்க பேரு போட்டுகீதா சீட்டுல?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாம் புள்ள."

"எதுக்குக் கேக்கணும்? தீர்வை போட்டுகீறானே அக்கா, அது போதாதா?"

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. லத்தீஃபா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"போதும் போதும். சும்மா கேட்டேன். நாளன்னிக்குப் போறியா? நானும் கூட வரேன். கழுக்குன்றத்துல பஸ்சு மாறணும். ஆபீசுல கைய வை, கால வைன்னு நிக்க வெப்பான். தனியா இன்னா பண்ணுவ?"

ஷரீபுன்னிசாவின் கண் லத்தீஃபாவின் வெள்ளைச் சேலைக்குப் போனது. உடனே திருப்பிக்கொண்டாள். ஆனால் போனது போனதுதான்.

"வாணாக்கா. உனக்கு எதுக்கு செரமம். நானே போயிட்டு வந்துடறேன்."

லத்தீஃபா தலையாட்டினாள். "ஆமா, வெயிலு வேற" என்றாள். தை மாதத்தில் அப்படி ஒன்றும் வெயில் இல்லை. தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் வயலூரிலிருந்து கீரை விற்க வரும் ஆராயியிடம் ஷரீபுன்னிசா ஆட்டை விலை பேசினாள்.

"இருவத்தஞ்சுக்கு மேல ஒரு காசு தரமாட்டேன்" என்றாள் ஆராயி. "செனையும் இல்ல ஒண்ணும் இல்ல."

"முப்பது போவும் இது."

"போவும், சந்தைக்கு ஓட்டினா. நீ ஓட்டுவியா?"

இருபத்தைந்துக்கே கொடுத்தாள். ஆராயி கீரைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு போனாள். ஆடு தெருமுனை வரை கத்திக்கொண்டே போனது. அன்றைக்கு இரண்டு தடவை ஷரீபுன்னிசா தழை ஒடிக்க எழுந்து, பிறகு உட்கார்ந்தாள்.

புதன்கிழமை முதல் பஸ்சுக்குப் போனாள். நல்ல சேலை கட்டி, மேலே துப்பட்டி போர்த்தி, பணத்தைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தாள். பஸ்சில் கூட்டம் இல்லை. மீன் கூடைக்காரிகள் இரண்டு பேர் பின்னால் இருந்தார்கள். கண்டக்டர் சீட்டுக் கிழிக்க வந்தான்.

"செங்கல்பட்டுக்குப் போவணும். கழுக்குன்றத்துல மாறணுமாமே?"

"மாறணும். இன்னா, கோர்ட்டு வேலையா?"

"இல்லப்பா. பார்சலு வந்துகீது. பினாங்குலேர்ந்து எங்க வூட்டுக்காரரு அனுப்பிகீறாரு. இருவத்திமூணு ரூபா ஆறணா தீர்வை போட்டுகீறான்."

"அடேங்கப்பா. டப்பு கீறவங்க பேச்சு" என்றான் கண்டக்டர்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறியபோது பக்கத்தில் உட்கார்ந்த கிழவியிடமும் அதையே சொன்னாள். கிழவிக்குக் காது கேட்காது. தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷரீபுன்னிசா சொல்லி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

செங்கல்பட்டில் இறங்கி, கேட்டுக் கேட்டுத் தபால் ஆபீசைக் கண்டுபிடித்தாள். உள்ளே அரக்கு வாசனை. கம்பி போட்ட ஜன்னல்கள். பார்சல் ஜன்னலுக்கு முன் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பெண் யாரும் இல்லை. ஓர் ஓரமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் போய் முடித்த பிறகு, உள்ளே இருந்த குமாஸ்தாவே கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ரொம்ப நேரமா நிக்கறீங்க. எதுக்கு வந்தீங்க?"

சீட்டைக் கம்பிக்குள் நீட்டினாள். குமாஸ்தா நடுவயதுக்காரர். மூக்குக் கண்ணாடி போட்டு, சட்டைக்கை கீழே இறங்காமல் இருக்க ரப்பர் வளையம் மாட்டியிருந்தார். உள்ளே யாரோ அவரை ஏசுதாஸ் என்று கூப்பிட்டார்கள். இதோ என்று சொல்லிவிட்டுச் சீட்டைப் பார்த்தார்.

"பேரு?"

"ஷரீபுன்னிசா."

"புருசன் பேரு?"

"கியாசுதீன்." அந்தப் பேரை அவள் வாயால் சொல்லி வருஷக்கணக்காகிறது. மெல்லத்தான் சொன்னாள்.

ஏசுதாஸ் எழுந்து போய்ப் பார்சலைக் கொண்டுவந்தார். வெள்ளைத் துணியில் தைத்து, தையல்மேல் அரக்கு வைத்திருந்தது. அவள் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு பக்கத் தையலை மெட்ராசில் சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு வேறு நூலால் மறுபடி தைத்திருந்தார்கள்.

"அனுப்பினது காஜா மொய்தீன்னு போட்டிருக்கு. அது யாரு?"

"அவரு எங்க வூட்டுக்காரருகூட ரூம்ல கீறவரு" என்றாள். "எங்க வூட்டுக்காரருக்கு இங்கிலீசு வராதுங்க. கடுதாசிகூட அவருதான் எழுதிக் குடுப்பாரு. இதயும் அவருதான் எழுதிருப்பாரு."

கேட்டதற்கு அவ்வளவு பதில் வேண்டியிருக்கவில்லை. ஏசுதாஸ் பார்சலோடு வந்த தாளைப் புரட்டினார்.

"உள்ள இருக்கறது கைலி, சட்டை, தொப்பி. ஒரு மூக்குக் கண்ணாடி."

"கண்ணாடி எனக்குங்க. ஊசி கோக்க கண்ணு தெரியலன்னு போன தடவ சொல்லியனுப்பிச்சேன்."

"விலை நூத்தியிருபது மலாயா வெள்ளின்னு எழுதியிருக்காங்க." அவர் தாளிலிருந்து பார்சலுக்கும் பார்சலிலிருந்து தாளுக்கும் பார்த்தார். பிறகு பார்சலைக் கையால் அமுக்கினார். அது அமுங்கியது. "ரெண்டு கைலிக்கும் சட்டைக்கும் நூத்தியிருபது வெள்ளியா? தங்கத்துல நெய்ததா?"

ஷரீபுன்னிசா பணத்தை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தாள். "சரியா கீது. பாத்துக்கோங்க."

"இருங்கம்மா, அவசரப்படாதீங்க. அங்க இருக்கறவங்க இப்படித்தான் பண்றாங்க. கப்பல்ல தொலைஞ்சா எழுதின தொகை கெடைக்கும், வூட்டுல இருக்கறவங்களுக்கு ஆவும்னு விலையை ஏத்திப் போடறாங்க. நல்லதுக்குத்தான் பண்றாங்க. ஆனா அந்த விலைக்குத்தானே இங்க தீர்வை போடுவாங்க? தொலையறது எங்கியோ ஒண்ணு. தீர்வை எல்லாத்துக்கும் விழுது."

"இருக்கட்டுங்க. கட்டிடறேன்."

"எதுக்குக் கட்டறீங்க? பிரிச்சுப் பாப்போம். பழசா இருந்தா மெட்ராசுக்கு எழுதித் தள்ளுபடி வாங்கிடலாம். நானே எழுதித் தரேன்."

"வாணாம் ஸார்."

"பயப்படாதீங்க. இதுக்கு ஒண்ணும் செலவு இல்ல."

"பயம் இல்ல. கட்டணும் ஸார். கட்டிட்டு வூட்டுக்கு எடுத்துனு போறேன். வூட்ல போயி பிரிச்சிக்கறேன்."

பின்னால் ஒருவன் காத்திருந்தான். "கட்டறேன்றவங்கள வாணான்ற ஆபீச இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றான். "எங்கிட்ட மட்டும் ஒரு அணா வுடமாட்டீங்க."

"நீ சும்மா இருப்பா" என்றார் ஏசுதாஸ். அவர் அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பணத்தைப் பொரட்டறதுக்கு நீங்க எதை வித்தீங்களோ, எனக்குத் தெரியாது. நானும் மாசச் சம்பளக்காரன்தான். வேண்டாத தீர்வையை ஒரு ஏழைப்பட்டவங்க கையில வாங்கிப் போட்டா எனக்கு ராத்திரி சோறு எறங்காது. பக்கத்துக் கதவால உள்ள வாங்க. உங்க எதிர்லதான் பிரிக்கணும்."

மனிதர் நல்லவர். அவரிடம் என்ன சொல்லித் தடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பணத்தை நீங்கள் வாங்கிக்கொண்டால்தான் என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று ஒரு அந்நிய ஆணிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் சிரிக்கமாட்டார். விளக்கம் சொல்வார். அது இதைவிடக் கெட்டது.

கதவைத் தள்ளி உள்ளே போனாள். பணம் ஜன்னல் பலகையிலேயே இருந்தது. ஏசுதாஸ் அதையும் எடுத்து வந்து மேஜையில் அவள் பக்கமாக வைத்தார். பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். துணி கிழியாமல் பார்த்துப் பார்த்து அறுத்தார்.

மேலே ஒரு கைலி இருந்தது. நீலக் கட்டம். உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் நைந்து, அந்த இடத்தில் மட்டும் கட்டம் தெரியவில்லை. அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்து ஒரு சட்டை. காலர் தேய்ந்ததும் பிரித்து உட்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்திருந்தது. அந்தத் தையல் ஷரீபுன்னிசாவுடையது இல்லை. கடைத் தையலும் இல்லை. ஆண் பிள்ளை ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து தானே தைத்துக்கொண்டது. இழை பெரிது பெரிதாகப் போயிருந்தது. தன் புருஷன் தைப்பார் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

தொப்பிகள். இன்னொரு கைலி. எல்லாம் வெளுத்து இஸ்திரி போட்டு ஒரே அளவாக மடித்திருந்தது. சோப்பு வாசனை வந்தது. வேறு எந்த வாசனையும் இல்லை. அவள் குனிந்தும் பார்த்தாள்.

கடைசியில் கண்ணாடி. ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்தது. அதன் ஒரு காது முறிந்து, கறுப்பு நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது. மூக்கில் படும் இடம் பச்சை பூத்திருந்தது.

கடிதம் இல்லை. ஏசுதாஸ் பார்சல் துணியைத் தலைகீழாக உதறிக்கூடப் பார்த்தார்.

"நான் சொன்னேன் இல்ல?" என்றார். அவர் முகம் தெளிந்திருந்தது. "ஒரு துணிகூடப் புதுசு இல்ல. இதுக்குப் போயி இருபத்திமூணு ரூபாயா? பணத்தை எடுத்து உள்ள வெச்சுக்கோங்க."

அவள் எடுக்கவில்லை. விரலால் பணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"எல்லாம் புதுசுதான் ஸார்."

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்தார். தாளில் இருந்த பேரைப் பார்த்தார். கியாசுதீன் மனைவிக்கு, காஜா மொய்தீன் அனுப்பியது. கைலி ஒன்றை எடுத்து, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக, முன்பு இருந்த மாதிரியே அடுக்கினார். எதிர் ஜன்னலில் ஒருவன் மணியார்டர் பாரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"உக்காருங்கம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவள் நின்றாள்.

அவர் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மேலே தேதி போட்டார். பார்சல் எண்ணைப் பார்த்து எழுதினார். அவருக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான், அதையாவது சரியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுபோல மெல்ல எழுதினார். அவள் பேரை எழுதினார். ஊரை எழுதினார். அப்புறம் பேனா நின்றது.

"பழசுன்னு எழுதினாப் போதும்னு நெனச்சேன். யாரோடதுன்னு எழுதலன்னா அவங்க ஒத்துக்கமாட்டாங்க" என்றார். தலையை நிமிர்த்தவில்லை. "காலமானவங்க உடமைன்னு எழுதினா ஒரு தம்பிடி தீர்வை கிடையாது. இருக்கறவங்களோடதுன்னா, இந்தத் தொகையைக் கட்டித்தான் ஆவணும். நானா எதையும் எழுதக்கூடாது. நீங்க சொல்றதைத்தான் எழுதணும்."

ஷரீபுன்னிசாவின் விரல் இன்னும் பணத்தின்மேல் இருந்தது. வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. திருக்கழுக்குன்றத்துக்கா, வேறு எங்காவதா, தெரியவில்லை. இனி எப்போது போனாலும் ஒன்றுதான். தெருவில் பெண்கள் காத்திருப்பார்கள். அமீனா பீவி வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். பார்சலை எங்கே வைத்துப் பிரிப்பது என்பதைக்கூட அவர்கள் பேசி வைத்திருப்பார்கள்.

ஏசுதாஸ் பேனாவை மையில் தோய்த்தார். தாளுக்குமேல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மை ஒரு சொட்டு உருண்டு நுனிக்கு வந்தது. அதைப் புட்டியின் விளிம்பில் வழித்துவிட்டு மறுபடி பிடித்தார்.

"சொல்லுங்கம்மா. அவரு இருக்காரா, இல்லியா?"